ஒரே இலக்கணத் துண்டை இரண்டு இடத்தில் பயன்படுத்தினால் ஏன் குழம்புகிறது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறாராம். கரையிலிருந்து வட்ஸ்அப்பில் வரும் கொள்முதல் செய்தி ஒரு வகை. ஐஸ், மண்ணெண்ணெய், வலைநூல் வாங்கிய பில் இன்னொரு வகை. இரண்டிலும் எண், நிறை, விலை வருகின்றன. பைத்தனில் பைபார்சிங் நூலகத்தை வைத்து முதல் வகைக்கு எழுதிய பார்சர் (செய்தியை இலக்கணம் எனப்படும் விதிகளின்படி பாகம் பாகமாகப் பிரித்துப் படிக்கும் நிரல்) நன்றாக ஓடியது. அதிலிருந்த துண்டுகளையே எடுத்து இரண்டாம் வகைக்கு எழுதியதும், இரண்டாவது சரிவரவில்லை. அதோடு நன்றாக ஓடிய முதலாவதும் பிழையாகிவிட்டது. "துண்டுகளை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதுதானே பார்சர் கொம்பினேட்டரின் பெருமை, பிறகு ஏன் இப்படி?" என்பது கேள்வி.

தம்பி, அந்தப் பெருமை பொய்யில்லை. சிறிய பார்சர்களைச் சேர்த்துப் பெரிய பார்சர் செய்யலாம், ஒவ்வொன்றும் சாதாரண மாறி, அடுத்தடுத்துச் சேர்ப்பதற்குக் கூட்டல் குறியும், "அல்லது" என்று சேர்ப்பதற்கு நேர்கோடும் போதும். ஆனால் சேர்க்க முடிவது வேறு, சேர்த்த இடத்தில் எல்லாம் ஒரே மாதிரி நடப்பது வேறு. நீங்கள் எழுதிய துண்டுகள், அவற்றைப் பயன்படுத்துபவர் தீர்மானிக்க வேண்டிய பல விஷயங்களைத் தாமாகவே தீர்மானித்துவிட்டன. இடைவெளி எது, எங்கே முடிகிறது, கிடைத்ததை என்ன செய்வது, பெயர் என்றால் என்ன: இவை நான்கும் துண்டுக்குள் இருக்கக் கூடாது, வெளியிலிருந்து வர வேண்டும். உங்கள் நிரலில் நான்கும் உள்ளேதான் இருக்கின்றன.

முதலில் நீங்கள் அனுப்பிய மாதிரியிலிருந்து மூன்று வரி:

சூரை 40+35+28 கி 650/-
பாரை 9 கி
கணவாய் 12.5 கிலோ 1,200/=

கூட்டல் குறியோடு வருவது பெட்டி பெட்டியாக நிறுத்த நிறைகள். விலை சில வேளை இருக்காது. ரூபாய்க்கு அடையாளம் இரண்டு விதம். சரி.

முதலாவது ஓடாமல் போனதற்கான காரணம் பைபார்சிங்கின் ஒரு குணம். செட்-பார்ஸ்-ஆக்‌ஷன் என்ற அழைப்பு, ஒரு துண்டு பொருந்தியதும் ஓட வேண்டிய செயலை அதில் ஒட்டும். அது புதிய பார்சரைத் தருவதில்லை. இருக்கிற பார்சரையே மாற்றிவிடுகிறது. கொள்முதல் கோப்பில் எண்ணைத் தசமமாக மாற்றும் செயலை வைத்தீர்கள். பில் கோப்பில் அதே எண்ணை இறக்குமதி செய்து, ரூபாயைச் சதமாக்கும் செயலை வைத்தீர்கள். இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள், ஆகவே பின்னதுதான் நிற்கும். பில் கோப்பு ஏற்றப்பட்ட கணத்திலிருந்து 40 கிலோ சூரை 4000 ஆகிவிடும்.

இதில் இன்னொரு சுழிப்பும் உண்டு, அதனால்தான் உங்களுக்குச் சில வரிகள் சரியாகவும் சில பிழையாகவும் வந்தன. ஒரு துண்டுக்கு அடைப்புக்குறிக்குள் பெயர் கொடுத்து எண்("நிறை") என்று எழுதினால், அங்கே ஒரு பிரதி எடுக்கப்படுகிறது. அந்தப் பிரதி பழைய செயலையே வைத்திருக்கும். பெயர் கொடுக்காத இடங்களுக்குத்தான் புதிய செயல் போகும். பெயர் வைப்பது பிரதி எடுக்கும், செயல் வைப்பது எடுக்காது: இந்த வடிவமைப்பு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை, ஆனால் ஆவணத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

இதற்குத் தீர்வாகக் காப்பி என்ற அழைப்பை ஆங்காங்கே தூவலாம். நான் அதைச் சொல்லமாட்டேன். ஓரிடத்தில் மறந்தால் போதும், மறுபடி இதே கதை. இலக்கணத் துண்டை மாறியாக வைக்காமல், கேட்கும்போதெல்லாம் புதிதாகச் செய்து தரும் ஃபங்ஷனாக வையுங்கள். கீழே இருப்பது நிரலின் உருவம்தான். நூலகத்தின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழாக்கியிருக்கிறேன்:

ஃபங்ஷன் கூட்டல்(எண்):
    திருப்பு பட்டியல்(எண், பிரிப்பான் = "+")

ஃபங்ஷன் நிறை(எண், அலகு):
    திருப்பு குழு(கூட்டல்(எண்)("அளவு") + அலகு("அலகு"))

ஃபங்ஷன் கொள்முதல்(மீன், எண், அலகு):
    திருப்பு குழு(மீன்("பெயர்")
        + நிறை(எண், அலகு)("நிறை")
        + விருப்பம்(விலை(எண்)("விலை")))

இதில் கவனிக்க வேண்டியது, கொள்முதலுக்கு மீன் என்றால் என்னவென்று தெரியாது, நிறைக்கு எண் எப்படி இருக்கும் என்று தெரியாது. இது விளையாட்டுக்குச் செய்ததல்ல. சோளகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் நம் கரைக்கு வந்து தொழில் செய்வார்கள் இல்லையா? அப்போது சங்கத்துக்கு வரும் செய்தியில் கெலவல்லா, பலயா, தலபத் என்று சிங்கள மீன் பெயர்கள் எல்லாம் வரும். சில சிங்கள எழுத்திலேயே வரும். மீன் பெயர்ப் பட்டியல் கொள்முதல் இலக்கணத்துக்குள் புதைந்திருந்தால், அந்த மாதங்களுக்கு முழு இலக்கணத்தையும் நகல் எடுத்துத் திருத்த வேண்டும். அளபுருவாக, அதாவது ஃபங்ஷனைக் கூப்பிடும்போது கொடுப்பதாக வந்தால், கூப்பிடும் இடத்தில் வேறு பட்டியலைக் கொடுத்தால் முடிந்தது.

குழு என்று சுற்றியிருப்பதும் தேவையாகத்தான். பைபார்சிங் விளைவுகளைத் தட்டையாக ஒரே வரிசையில் போடும். குழு இல்லாமல் ஒரு செய்தியில் மூன்று மீன் வந்தால், மூன்றுக்கும் "பெயர்" ஒன்றே என்பதால் கடைசி மீனின் பெயர் மட்டும் மிஞ்சும். பொதுத் துண்டு தன்னைத் தானே குழுவாகச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

செயல்களைப் பற்றி: துண்டுக்குள் கணக்கு எதுவும் வேண்டாம். எண்ணைத் தசமமாக்குவது எல்லா இடத்துக்கும் பொது, அது எண்ணைச் செய்யும் ஃபங்ஷனுக்குள்ளேயே நடக்கட்டும். சதமாக்குவது, பெட்டி நிறைகளைக் கூட்டுவது, கழிவு போடுவது எல்லாம் பார்சர் தன் விளைவை மரமாக அடுக்கித் தந்த பிறகு தனி ஃபங்ஷனில். செயல் என்பது துண்டு பிறக்கிற ஃபங்ஷனில் மட்டும் ஒட்டப்பட வேண்டும். பிறகு யாரும் தொடக்கூடாது. அப்படி இருந்தால் ஒரே எண்ணைப் பத்து இடத்தில் கொடுத்தாலும் ஆபத்தில்லை.

அடுத்தது இடைவெளி. உங்கள் "பாரை 9 கி" வரிக்கு விலை இல்லை. பைபார்சிங் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் வெற்றிடம், டாப், புதுவரி எல்லாவற்றையும் தாண்டிவிடும். புதுவரியும் அதில் சேர்த்தி என்பதுதான் சிக்கல். பாரைக்குப் பிறகு வரும் வரி எண்ணில் தொடங்கினால், அந்த எண் பாரைக்கு விலையாகிவிடும். கொள்முதல் செய்தியில் அடுத்த வரி மீன் பெயரில் தொடங்குவதால் இவ்வளவு நாளும் தப்பினீர்கள். பில்லில் "3 பெட்டி ஐஸ்" என்று எண்தான் முதலில் வருகிறது. அதே வகைத் துண்டு அங்கே முந்திய வரியின் விலையாக மூன்றை விழுங்குகிறது.

ஆகவே கொள்முதலில் புதுவரி ஒரு பதிவின் முடிவு. பில்லில் நீண்ட பொருள் பெயர் இரண்டு வரியாக மடங்கியும் வரலாம் என்பதால் அங்கே அது வெறும் இடைவெளியாகவும் இருக்கலாம். ஒரே துண்டு இரண்டுக்கும் சேவை செய்ய வேண்டுமானால், எதைத் தாண்டலாம் என்பதைக் கூப்பிடுபவர் சொல்ல வேண்டும். பைபார்சிங்கில் இயல்பு வெற்றிடங்களை மாற்ற ஓர் அழைப்பு உண்டு, ஆனால் அது நூலகம் முழுவதற்குமான அமைப்பு. துண்டு பிறக்கும் வேளையில் என்ன இருக்கிறதோ அது அந்தத் துண்டில் ஒட்டிக்கொள்ளும். கோப்பின் தலையில் மாறிகளாக வைத்தால், எந்தக் கோப்பு முதலில் ஏற்றப்பட்டது என்பதைப் பொறுத்து இலக்கணம் மாறும். மோசமான நிலை. ஃபங்ஷனாக்கினால் இதுவும் அடங்கிவிடும்: அமைப்பை மாற்று, துண்டுகளைச் செய், அமைப்பைத் திருப்பி வை, அவ்வளவையும் ஒரே ஃபங்ஷனுக்குள்.

இந்தத் தலையிடி இல்லாத நூலகங்களும் உண்டு. ஹாஸ்கெல் மொழியின் பார்செக் நூலகத்தில் இடைவெளியை யாரும் உங்களுக்காகத் தாண்டமாட்டார்கள். அங்கே வழக்கம் என்னவென்றால், ஒவ்வொரு சொல்துண்டும் தனக்குப் பின்னால் உள்ள இடைவெளியை உண்ணும், முன்னால் உள்ளதைத் தொடாது; செய்தியின் தொடக்கத்தில் மட்டும் ஒரு தடவை தாண்டிக்கொள்வார்கள். இந்த ஒழுங்கை எந்த நூலகத்திலும் கடைப்பிடிக்கலாம். இடைவெளியை உண்ணும் பார்சரை அளபுருவாக எடுக்கிற ஒரு சின்ன ஃபங்ஷன் போதும்.

அடுத்தது, செய்தி எங்கே முடிகிறது என்பது. பார்சரை ஓட்டும் பார்ஸ்-ஸ்ட்ரிங் அழைப்பு, தான் புரிந்துகொண்டது வரை படித்துவிட்டு மீதியைப் பேசாமல் விட்டுவிடும். பார்ஸ்-ஆல் என்பதை உண்மை என்று கொடுத்தால்தான் மிச்சமிருந்தால் பிழை என்று சொல்லும். பணக் கணக்கில் இது சின்ன விஷயமில்லை. ஐந்து மீன் அனுப்பியவருக்கு மூன்றுக்குத்தான் காசு போகும், பிழைச்செய்தி எதுவும் வராது. இதற்காக நீங்கள் விலைத் துண்டின் வாலில், செய்தி இங்கே முடிய வேண்டும் என்று கேட்கும் ஸ்ட்ரிங்-எண்ட் வைத்திருக்கிறீர்கள். தனியாகச் சோதிக்கும்போது அது சரி, ஆனால் அப்படி முடித்து வைத்த துண்டுக்குப் பின்னால் வேறெதையும் சேர்க்க முடியாது. பில்லில் விலைக்குப் பிறகு திகதி வருகிறது, அதனால்தான் அங்கே எப்போதும் தோற்கிறது. முடிவைக் கேட்பது ஆக வெளியில் உள்ள அழைப்பின் வேலை மட்டும்.

இனித் தமிழ் எழுத்துக்கு வருவோம். நூலக ஆவணங்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை, நம்மவர் நிரல்கள் அதிகம் விழுவதும் இங்கேதான்.

மீன் பெயர்கள் நிலையான பட்டியலாக இருந்ததால் கொள்முதலில் பிரச்சினை தெரியவில்லை. பில்லில் பொருள் பெயர் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் ரெஜெக்ஸின் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறையின்) சொல்லெழுத்துக் குறியான \w-வை வைத்தீர்கள். பைத்தனின் வழக்கமான ரெஜெக்ஸில் அந்தக் குறி உயிர்மெய்யின் துணைக்குறிகளை எழுத்தாக எண்ணுவதில்லை. புள்ளியையும் எண்ணுவதில்லை. யூனிகோடில் "சூ" என்பது இரண்டு குறியீடு: ச, அதன் பின் ஊகாரக் குறி. ச-வைப் படித்தவுடன் சொல் முடிந்துவிட்டது என்று அது நிற்கும். ஸ்ட்ரிங்கில் உள்ள, எல்லாம் எழுத்துதானா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா சோதனையும் இப்படித்தான். ஆகவே தமிழ்ச் சொல்லுக்கு எழுத்து எல்லையை நாமே கொடுக்க வேண்டும். யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கியது 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள். அதை அப்படியே முழுதாக எடுக்காதீர்கள். 3046 முதல் 3055 வரை தமிழ் இலக்கங்கள், அதற்கு மேலே பழைய கணக்குக் குறிகள். 2946 முதல் 3021 வரை எடுத்தால் ஆய்தம், உயிர், மெய், துணைக்குறிகள், புள்ளி எல்லாம் அடங்கும். கைப்பேசி விசைப்பலகைகள் சில, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் போடும். 8204, 8205 இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்களத்துக்கு 3456 முதல் 3583, அங்கே 8205 கூட்டெழுத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று: "கொ" என்பதை ஒரே துணைக்குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றேபோல் இருக்கும், ஒப்பிட்டால் ஒன்றாகாது. இதைப் பார்சருக்குள் கொண்டுவரவே வேண்டாம். செய்தி வந்தவுடன் யூனிகோடேட்டா தொகுதியால் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படி இரண்டு விதமாக வருவதை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றிவிட்டு, அதன் பிறகு பார்சரிடம் கொடுங்கள். இலக்கணத்தில் எழுதிய மீன் பெயர்களையும் அதே வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

அலகைப் பாருங்கள். நீங்கள் எழுதியது: கி அல்லது கிலோ. நேர்கோட்டால் இணைத்தால் இடமிருந்து வலமாக முதலில் பொருந்துவதுதான் எடுக்கப்படும். "கிலோ"வில் "கி" பொருந்திவிடுகிறது, மிஞ்சிய "லோ"வில் அடுத்த துண்டு முட்டி விழுகிறது. கிலோவை முன்னால் போட்டால் தீரும் என்று நினைப்பீர்கள். நாளைக்கு யாராவது "கிராம்" சேர்ப்பார்கள். சொல் எல்லையைச் சோதிக்கும் கீவேர்ட் துண்டு இதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் இயல்பு எழுத்துப் பட்டியலில் ஆங்கில எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் டொலர் குறியும் மட்டும்தான். தமிழில் "கி"க்கு அடுத்து "லோ" வந்தாலும் எல்லை என்று நம்பிவிடும். மேலே சொன்ன தமிழ் எழுத்துப் பட்டியலை அடையாள எழுத்துகளாகக் கொடுத்தால் சரியாகும். கொடுக்காவிட்டால் "க" என்ற சுருக்கம் "கி"யின் பாதியைக் கூட வெட்டி எடுக்கும்.

இந்த "முதலில் பொருந்துவது" விதி அலகோடு நிற்பதில்லை. 1985இல் கணினியியலாளர் பிலிப் வாட்லர் விளக்கிய முறையில் ஒரு பார்சர், சாத்தியமான எல்லா விடைகளையும் பட்டியலாகத் தரும். வெற்றுப் பட்டியல் என்றால் தோல்வி. அங்கே இரண்டு இலக்கணங்களை "அல்லது" என்று சேர்த்தால் எதுவும் மறைவதில்லை, ஒழுங்கு மட்டும் மாறும். இன்னொரு கணினியியலாளர் பிரயன் ஃபோர்ட் 2004இல் முறைப்படுத்திய இலக்கண வகையில் "அல்லது" வரிசைப்பட்டது. முதலாவது வென்றால் இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை. வேகம் கிடைக்கிறது, ஒரே விடை என்ற நிம்மதி கிடைக்கிறது. அதற்கு விலை, நன்றாக இருக்கும் இரண்டு இலக்கணங்களைச் சேர்த்தால் ஒன்று மற்றதன் சில சொற்களை மறைத்துவிடலாம், எச்சரிக்கையும் வராது. பைபார்சிங்கில் நேர்கோட்டுக்குப் பதில் தொப்பிக் குறி (^) போட்டால் எல்லாவற்றையும் முயன்று நீளமானதை எடுக்கும். ஒன்-ஆஃப் என்பது நிலையான சொற்களை நீளமானது முதலாகத் தானே ஒழுங்குபடுத்தும். மற்றவர்கள் நீட்டிக்கப்போகிற துண்டுகளில் இவை இரண்டும் பாதுகாப்பு.

உங்கள் நிறைத் துண்டில் எண்ணுக்குப் பின் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டிருப்பதையும் கண்டேன். பிழைச்செய்தி தெளிவாக வருவதற்கு யாரோ சொல்லியிருப்பார்கள். அதன் பொருள்: இதுவரை வந்துவிட்டால் பின்வாங்காதே, பிழை என்று உடனே நிறுத்து. கொள்முதலில் எண்ணுக்குப் பின் அலகு வராவிட்டால் உண்மையிலேயே பிழை. பில்லிலோ எண்ணுக்குப் பின் அலகு இல்லாவிட்டால் அது வெறும் தொகை, அடுத்த தெரிவைப் பார்க்க வேண்டும். ஆனால் கழித்தல் குறி அதை அனுமதிக்காது. பின்வாங்கும் உரிமையை ரத்துசெய்வதும் ஆக வெளி இலக்கணத்துக்கு உரியது. பார்செக்கில் இது தலைகீழ்: ஒரு எழுத்தை உண்டுவிட்டாலே பின்வாங்காது, வேண்டுமானால் ட்ரை என்று சொல்ல வேண்டும். ரஸ்ட் மொழியின் நொம் நூலகத்தில் கட் என்று கேட்டால்தான் உறுதிப்படும். ஒரு நூலகத்தில் எழுதிய இலக்கணத்தை இன்னொன்றுக்கு வரிக்கு வரி மாற்றினால் ஓடாமல் போவதற்கு ஒரு காரணம் இது.

தன்னைத் தானே அழைக்கும் விதிகள், அடைப்புக்குறிக்குள் கணக்கு போன்றவை, உங்கள் செய்திகளில் இல்லை. வந்தால் ஃபார்வர்ட் என்ற, பிறகு நிரப்பப்படும் வெற்றுத் துண்டை ஃபங்ஷனுக்குள்ளேயே செய்யுங்கள். அதை நிரப்பும்போது இரட்டைக் கோணக் குறியோடு சமன்குறியையும் (<<=) போட மறக்காதீர்கள். சமன்குறி இல்லாவிட்டால் பைத்தனின் முன்னுரிமை விதியால் முதல் தெரிவு மட்டும் உள்ளே போய், மற்றவை வெளியே நிற்கும்.

சோதனை எழுதும்போது துண்டைத் தனியாக மட்டும் சோதித்தால் இவற்றில் பாதிகூடப் பிடிபடாது. ஒவ்வொரு துண்டையும் மூன்று நிலையில் வையுங்கள்: தனியாக, பின்னால் வேறொன்று ஒட்டி, "அல்லது"வின் இடப்பக்கத்தில். நிறைக்கு "9 கி", "9 கி 650/-", "9" என்ற மூன்றே செய்திகள் நான் மேலே சொன்னதில் பலதை வெளியே கொண்டுவரும். பிறகு இரண்டு இலக்கணங்களையும் ஒரே ஓட்டத்தில், ஏற்றும் வரிசையை மாற்றியும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பகிர்ந்த பொருளை யாரோ மாற்றியிருந்தால் அங்கே தெரியும்.

ஒரு வகைச் செய்தி மட்டும் என்றால் இவ்வளவும் அநாவசியம், பத்து வரி ரெஜெக்ஸ் போதும் என்பேன். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளும் சேரப்போகின்றன என்கிறீர்கள், ஆகவே இப்போதே ஃபங்ஷனாக்குவதில் நட்டமில்லை. எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

எண்ணில் கமா ஒரு தனிக் கேள்வி. "1,200" என்பதில் கமா ஆயிரத்தைக் காட்டுகிறது. பில்லில் பொருள்களைப் பிரிப்பதும் கமாதான். கமாவுக்குப் பின் இடைவெளியில்லாமல் சரியாக மூன்று இலக்கம் வந்தால் ஆயிரம், இல்லாவிட்டால் பிரிப்பான் என்று வைத்து, இந்த வழக்கம் வேண்டுமா என்பதை எண் ஃபங்ஷனுக்கு அளபுருவாகக் கொடுங்கள். ஆனால் உங்கள் மாதிரியில் ஒரு வரி "கணவாய் 12,500" என்று நிற்கிறது. பன்னிரண்டு கிலோ ஐந்நூறு ரூபாய்ப்படியா, மொத்தம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறா என்பது எந்த இலக்கணத்துக்கும் தெரியாது. அந்த வகை வரியைப் பார்சர் ஏற்காமல் ஒதுக்கி வைக்கட்டும். அனுப்பியவருக்குச் சங்கத்திலிருந்து ஒரு போன் எடுத்து, இனிமேல் அலகை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.